விளையாட்டுப் பெட்டிக்கு எஜமான் யார்?

அரசியல் என்றால் தேர்தல் நாளன்று சாவடிக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவதும், பிறகு ஐந்து வருஷத்துக்கு மந்திரிமார்களை வைதுகொண்டோ வாழ்த்திக்கொண்டோ திண்ணையில் உட்கார்ந்திருப்பதுந்தான் என்பதாக நம் மக்களில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். வாஸ்தவத்தில் ஒருவன்மேல் மற்றொருவனுக்கு அதிகாரம் எங்கே ஏற்படுகின்றதோ அங்கெல்லாம் அரசியல் இருக்கின்றது. அடுப்பங்கரையில் இருக்கின்றது, மில் வாசலில் இருக்கின்றது, வீட்டுக் கூடத்தில் டெலிவிஷனுக்குப் பக்கத்தில் கிடக்கும் விளையாட்டுப் பெட்டியிலும் இருக்கின்றது. வீடியோ கேமுக்கு ஒரு தலையங்கமா என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.

இன்று பல தேசங்களிலும் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளின்மேல் ஜனங்களுக்கு ஒரு பற்று ஏற்பட்டிருக்கின்றது. முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன் செய்த பெட்டிகளைத் தேடிப் பிடித்து, துரு துடைத்து, அறுந்த கம்பியைப் பற்றவைத்து மறுபடியும் ஓடச் செய்கின்றார்கள். நம் நாட்டிலும் 1990-களில் கடைத்தெருவில் விற்ற டி.வி. கேம் பெட்டியையும், அதற்குரிய கேசட்டை வாயால் ஊதிச் சொருகியதையும் மறக்காதவர்கள் அநேகர். அப்பெட்டிகளில் மிகுதியானவை ஜப்பான் தேசத்து நிண்டெண்டோ கம்பெனியார் 1983-ல் வெளியிட்ட பெமிகாம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்களேயாகும்.

இந்தப் பற்றை வெறும் பிள்ளைப் பருவத்து ஏக்கம் என்று தள்ளிவிட நாம் தயாராயில்லை. ஏனென்றால் அந்தப் பழைய பெட்டிக்கு ஒரு குணமுண்டு. காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அப்புறம் கம்பெனிக்காரன் தயவு வேண்டியதில்லை. கேசட்டைச் சொருகினால் ஓடும். அண்டை வீட்டுப் பையனுக்கு இரவல் கொடுக்கலாம், அலுத்துப்போனால் விற்கலாம், கம்பெனியே திவாலாய்ப் போனாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். இன்று விற்கும் சரக்குக்கு அந்தக் குணம் உண்டா என்பதே நமது கேள்வி.

விற்றது எதை?

பிரான்சு தேசத்து யூபிசாப்ட் கம்பெனியார் 2014-ம் வருஷத்தில் 'தி குரூ' என்னும் மோட்டார் ஓட்டும் விளையாட்டை விலைக்கு விற்றார்கள். அது கம்பெனியாருடைய சர்வர் என்னும் தலைமைக் கம்ப்யூட்டருடன் தொடர்பு இருந்தால்தான் ஓடும்; பிறரோடு சேராமல் தனியே விளையாடுகிறவனுக்கும் அப்படியே. 2024 மார்ச்சு 31-ந் தேதி கம்பெனியார் அந்தச் சர்வரை நிறுத்தினார்கள். அன்றோடு உலகத்திலுள்ள பிரதிகள் அத்தனையும் செத்தன. அது போதாதென்று, பிறகு வாங்கினவர்களின் கணக்கிலிருந்தே அதன் லைசென்சை எடுத்துவிட்டார்கள்.

சந்தையில் ஒருவன் மாடு வாங்குகிறான். பத்து வருஷம் தீனி போட்டு உழுகிறான். ஒருநாள் பழைய சொந்தக்காரன் வந்து, "நான் உனக்கு மாட்டை விற்கவில்லை, உழுவதற்கு அநுமதிதான் விற்றேன்" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனால் ஊரார் பார்த்துக்கொண்டிருப்பார்களா? பஞ்சாயத்துக் கூட்டி, மாட்டையும் பிடுங்கி, அபராதமும் போட்டு அனுப்புவார்கள். அதையே ஒரு கம்பெனி செய்தால் அதற்கு "ஒப்பந்தப்படி நடந்தது" என்று பெயர் வந்துவிடுகிறது. அந்த ஒப்பந்தத்தை எழுதினவன் கம்பெனி வக்கீல். 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கினவனோ அதில் ஒரு வரியும் படித்தவனல்ல. படித்திருந்தாலும் ஓர் எழுத்தை மாற்ற அவனுக்கு யோக்கியதை உண்டா? மாற்றவொட்டாத காகிதத்துக்கு ஒப்பந்தமென்று பெயர் வைப்பதே முதல் மோசடியாகும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாண சர்க்கார் இதற்காக ஒரு சட்டம் செய்து 2025 ஜனவரி முதல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். என்ன சட்டமென்றால், விற்பது பொருளல்ல, லைசென்ஸ்தான் என்பதைத் தெளிவாய்ச் சொல்லாமல் 'வாங்கு' என்ற வார்த்தையைப் போடக்கூடாது என்பதாம். அதாவது பிடுங்காதே என்று சொல்லவில்லை. பிடுங்குவேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு என்றுதான் சொல்லிற்று. ஆனாலும் ஒரு நன்மை உண்டு. நாம் வாங்குவதாக நினைத்திருந்தது வாங்குதல் அல்ல என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

1840-ம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரரான புரூதோன் என்பவர் 'சொத்து என்றால் என்ன?' என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். தம்மை அராஜகவாதி என்று தாமே வெளிப்படையாய்ச் சொல்லிக்கொண்டவர் அவர். அவர் பிரித்துக் காட்டியது இரண்டு விஷயம்: ஒன்று பாத்தியதை, மற்றொன்று அனுபோகம். உழுகிறவன் நிலத்தையும், குடியிருப்பவன் வீட்டையும் அனுபவிப்பது அனுபோகம். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, பாடுபடாமலே, காகிதத்தைக் காட்டி மற்றவன் அனுபோகத்தில் பங்கு கேட்பது பாத்தியதை. அந்தக் காலத்து ஜமீன்தாரிடம் பாத்தியதை இருந்தாலும் குடியானவனிடம் அனுபோகமாவது இருந்தது. இந்தக் காலத்துக் கம்பெனியாரோ பாத்தியதையையும் வைத்துக்கொண்டு அனுபோகத்தின் சாவியையும் தங்கள் இடுப்பிலேயே சொருகிக்கொண்டார்கள்.

பாட்டரிக்குள் ஒரு பூட்டு

இது புதிதாய் வந்த தந்திரமல்ல. ஜப்பான் காப்காம் கம்பெனியார் 1993 முதல் சி.பி.எஸ்.-2 என்ற பலகையில் கடைகளில் காசு போட்டு விளையாடும் விளையாட்டுகளை விற்றார்கள். யாரும் நகல் எடுக்காதிருக்க விளையாட்டை மறைமொழியில் பூட்டி, அதைத் திறக்கும் குறியை ஒரு சிறு பாட்டரியின் சக்தியால் நிற்கும் ஞாபகச் சில்லில் வைத்தார்கள். பாட்டரி தீர்ந்தால் குறி அழியும். குறி அழிந்தால் பலகை பிணம். பணம் கொடுத்து வாங்கின கடைக்காரன் யாதொரு குற்றமும் செய்யாமலே, வருஷம் போனதற்காக அவனுடைய சரக்குக்கு மரண தண்டனை! ஆர்வக்காரர்கள் இதற்குத் 'தற்கொலை பாட்டரி' என்று பெயரிட்டார்கள். வாஸ்தவத்தில் அது தற்கொலையல்ல, தேதி குறித்துச் செய்த கொலையேயாகும்.

அந்தப் பிணங்களை எழுப்பினவர்கள் யார்? கம்பெனியார் அல்ல, சர்க்காரும் அல்ல. சம்பளமில்லாமல், ஓய்வு நேரத்தில், ஒருவருக்கொருவர் முகம்கூடப் பாராத சிலர் கூடி 2001-ல் அந்த மறைமொழியை உடைத்தார்கள். 2016-ல் எடுவார்டோ குரூஸ் முதலியவர்கள் அழிந்துபோன குறியையே செத்த பலகைக்குள் திரும்ப எழுதும் வழியைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் வெளியிட்டார்கள். அதேபோல 1997-ல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 'மேம்' என்னும் புரோகிராமைத் துவக்கினார். பழைய பெட்டியின் உறுப்புகள் எப்படி வேலை செய்யுமோ அப்படியே இன்றைய கம்ப்யூட்டரை நடிக்கச் செய்வது அதன் வேலை. எத்தனையோ தேசத்தார் அதில் கை வைத்து ஆயிரக்கணக்கான விளையாட்டுகளைக் காப்பாற்றியிருக்கின்றார்கள். இவர்களுக்கு உத்தரவு போட மேலதிகாரி இல்லை. தவறினால் தண்டிக்கப் போலீஸ் இல்லை. வேலை நடந்துவருகின்றது.

அராஜகம் என்ற சொல்

இங்கேதான் நமக்கு அராஜகவாதிகளின் ஞாபகம் வருகிறது. நம்மூரில் கொள்ளை, குத்து, வெட்டு நடந்தால் "அராஜகம் தலைவிரித்தாடுகிறது" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ராஜா இல்லாவிட்டால் ஜனங்கள் ஒருவரையொருவர் கடித்துத் தின்றுவிடுவார்கள் என்று ராஜாக்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. எஜமான் வேண்டாமென்பதுதான் அந்தச் சொல்லின் பொருளே தவிர, ஒழுங்கு வேண்டாமென்பதல்ல. ருஷியாவில் பிரபு குடும்பத்தில் பிறந்து அதை உதறித் தள்ளிய குரோபோட்கின் 1902-ல் வெளியிட்ட 'பரஸ்பர உதவி' என்ற புத்தகத்தில், மிருகங்களுக்குள்ளும் மனிதர்களுக்குள்ளும் போட்டியைப்போலவே கூட்டுறவும் இயற்கையான குணந்தான் என்பதைப் பல உதாரணங்களால் காட்டினார். கடலில் கப்பல் உடைந்தால் உயிரைக் கொடுத்து மீட்கப் போகும் இங்கிலீஷ் படகுக்காரர் சங்கத்தை, கட்டாயமில்லாமல் நடக்கும் காரியத்துக்கு உதாரணமாக அவர் எடுத்துச் சொல்லியிருக்கின்றார். இந்தக் கொள்கை நமக்கு அந்நியமுமல்ல. 1887-ல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆசார்யா, தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டு கட்சியைத் தொடங்கினவர்களில் ஒருவராயிருந்து, பிறகு அராஜகவாதியாகி, 1954-ல் பம்பாயில் இறக்கும்வரை அதைப்பற்றியே எழுதிக்கொண்டிருந்தார்.

விளையாட்டு விஷயத்திலேயே இதற்கு நல்ல சாட்சிகள் உண்டு. 1983-ல் யூகோஸ்லாவியாவில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவரக் கட்டுப்பாடு. விலையும் சாதாரண மனிதனுக்கு எட்டாதது. வோயா அன்டோனிச் என்பவர் தாமே கட்டிக்கொள்ளக்கூடிய ஒரு சிறு கம்ப்யூட்டரை வரைந்து, 'கலாக்சியா' பத்திரிகையின் தனி மலரில் படத்தோடு முழுவதும் அச்சிடச் செய்துவிட்டார். பாகங்களை வாங்கிக் கட்டிக்கொள்ள எழுதிக் கேட்டவர்கள் 8,000 பேருக்கு மேல். பெல்கிரேடு ரேடியோவில் சோரான் மோட்லி என்பவர் தம் நிகழ்ச்சியில் பாட்டுக்களுக்கு நடுவே விளையாட்டுப் புரோகிராம்களையே ஒலியாக ஒலிபரப்பினார். கேட்பவர்களுக்கு அது காதைக் கிழிக்கும் கீச்சுச் சத்தம். ஆனால் அதை டேப்பில் பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டால் விளையாட்டு! ஒரு தேசத்துக்கே காற்று வழியாக, ஒரு காசு வாங்காமல், பங்கிட்டுக் கொடுக்கப்பட்ட பண்டம் அது.

செக்கோஸ்லோவாக்கியாவிலோ 1989 ஜனவரியில் பிராகு நகரத்து வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் கூடிய ஜனங்களைப் போலீசார் அடித்துக் கலைத்தார்கள். பத்திரிகை சர்க்கார் கையில். ரேடியோ சர்க்கார் கையில். அப்போது பெயர் போடாத யாரோ ஒருவர், சினிமாக் கதாநாயகனான இந்தியானா ஜோன்ஸ் அதே சதுக்கத்தில் அதே ஜனவரி 16-ந் தேதி அகப்பட்டுக்கொண்டு போலீசாரிடமிருந்து தப்புவதாக, எழுத்தாலேயே ஆன ஒரு விளையாட்டைச் செய்துவிட்டார். அது கைக்குக் கை டேப்பில் பரவிற்று. அவ்வருஷம் நவம்பரில் அந்த ஆட்சி சாய்ந்தது. விளையாட்டினால் சாய்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பயப்படச் சொன்ன இடத்தில் வாலிபர்கள் சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதே நாம் சொல்லுவது.

செய்தவன் வயிற்றுக்கு என்ன?

"இப்படி எல்லோரும் நகல் எடுத்தால் செய்தவன் எப்படிப் பிழைப்பான்?" என்று ஒரு கேள்வி கேட்கப்படுகின்றது. நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கிறவர்கள் கம்பெனி முதலாளிகளாயிருக்கின்றார்களே தவிர, செய்தவர்களாயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அட்டாரி கம்பெனியில் வாரன் ராபினெட் என்பவர் தனியொருவராய் 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டைச் செய்தார். அது 1980-ல் வெளிவந்து சுமார் 10 லட்சம் விற்றது. அவருக்குக் கிடைத்தது மாதச் சம்பளந்தான், லாபத்தில் பங்கில்லை, பெட்டியின்மேல் பெயர்கூட இல்லை. கம்பெனியாருக்குத் தெரியாமல் விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறையைக் கட்டி, அதில் தம் பெயரை எழுதிவைத்துவிட்டு அவர் வேலையை விட்டுப் போனார். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அதைக் கண்டுபிடித்து எழுதின பிறகுதான் முதலாளிகளுக்கே தெரிந்தது. பாடுபட்டவன் தன் பெயரைத் திருட்டுத்தனமாய் எழுதவேண்டியிருந்தது என்றால், அங்கே காப்பாற்றப்பட்டது யாருடைய உரிமை?

முதலாளி தேசத்தில்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' செய்தார். கைக்குக் கை நகலாய்ப் பரவி உலகம் பூராவும் போயிற்று. அதை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விற்றது சோவியத் சர்க்காரின் எலோர்க் என்ற இலாகா. செய்தவருக்கு ராயல்டி வரத் தொடங்கியது 1996-ல். அங்கே கம்பெனி எஜமான். இங்கே சர்க்கார் எஜமான். பெயர் வேறு, கை ஒன்றேதான். அராஜகவாதிகள் இரண்டையும் சேர்த்தே கண்டித்ததற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டுமா?

மேலும், விற்றாலல்லவா நஷ்டம்? அமெரிக்காவிலுள்ள வீடியோ கேம் சரித்திர ஸ்தாபனத்தார் 2023-ல் செய்த ஆராய்ச்சியில், 2010-க்கு முன் அங்கே வெளிவந்த விளையாட்டுகளில் 100-க்கு 87 இன்று எங்கும் விலைக்குக் கிடையாது என்று கண்டார்கள். தானும் விற்கமாட்டான், பிறரையும் தொடவிடமாட்டான் என்றால் இது வைக்கோற்போரில் படுத்த நாயின் கதையல்லாமல் வேறென்ன? நூல் நிலையங்கள் தங்களிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆராய்ச்சிக்காரருக்குத் தூரத்திலிருந்தே பார்க்கக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை இலாகா முடியாதென்றது. எதிர்த்த கம்பெனியாரின் சங்கம் சொன்ன காரணங்களில் ஒன்று, ஜனங்கள் அவற்றைப் பொழுதுபோக்குக்காக விளையாடிவிடுவார்கள் என்பது. விளையாட்டை யாராவது விளையாடிவிடப் போகிறார்களே என்று இவ்வளவு பெரிய பயம்!

ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. பிறர் உழைத்து வெளியிட்டதை அள்ளிக்கொண்டு, ஒரு பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் திணித்துக் காசாக்கும் வியாபாரிகளும் இருக்கின்றார்கள். அவர்கள் பங்கிடுகிறவர்களல்ல, இன்னொரு தினுசு முதலாளிகளேயாவார்கள். அன்றியும் 2021-ல் ஒரு 'சூப்பர் மாரியோ 64' கேசட்டை, உறை பிரியாமலிருந்த ஒரே காரணத்துக்காக, ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஒருவர் எடுத்தார். விளையாடுவதற்கா? உறையைப் பிரித்தால் விலை போய்விடுமே! கண்ணாடிக் கூட்டில் வைத்துத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கல்லை வைத்துச் சுற்றி வருகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற படித்தவர்கள் இதையும் பார்த்துச் சிரிக்கவேண்டும். ஓடாத விளையாட்டும் படிக்காத புத்தகமும் வெறும் சாமான்களே.

சர்க்காரிடம் போகலாமா?

இன்னொரு ஆட்சேபம் உண்டு. 'தி குரூ' நிறுத்தப்பட்ட பிறகு, "விளையாட்டைக் கொல்லாதே" என்ற கிளர்ச்சி கிளம்பி, 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியனுக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. "சர்க்கார் வேண்டாமென்கிற தத்துவத்தைப் பேசிக்கொண்டு சர்க்காரிடம் மனுப் போடலாமா?" என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். இது வெறும் குதர்க்கம். சர்க்கார் ஏற்கெனவே நடுவில் நிற்கவில்லையா? 1998-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டம், நீ விலை கொடுத்து வாங்கிய சரக்காயிருந்தாலும் அதன் டிஜிட்டல் பூட்டை உடைப்பது குற்றம் என்று சொல்லுகிறது. கொடுத்திருக்கிற சில்லறை விலக்குகளையும் மூன்று வருஷத்துக்கொரு தரம் கெஞ்சிப் புதுப்பிக்கவேண்டும். கம்பெனியாரின் பூட்டுக்குப் போலீஸ் காவல் நிற்கும்போது, "அந்தப் போலீசை நகர்த்து" என்று கேட்பது சர்க்காரைக் கூப்பிடுவதாகாது. சர்க்காரின் கையைக் கழுத்திலிருந்து எடுக்கச் சொல்லுவதேயாகும். அந்தக் கிளர்ச்சிக்காரர் கேட்பதும் அதிகமில்லை. சர்வரை என்றைக்கும் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. நீ போகும்போது, வாங்கினவர்கள் தாங்களே ஓட்டிக்கொள்ளும்படி விட்டுவிட்டுப் போ என்றுதான் கேட்கின்றார்கள்.

விளையாட்டுத்தானே, போனால் போகிறது என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்டு முதலில் விளையாட்டில்தான் பழக்கப்படுத்தப்படுகிறது; ஏனென்றால் அங்கே எதிர்ப்பு இராது. அமெரிக்காவில் டிராக்டர் வாங்கின குடியானவர்கள், அதற்குள்ளிருக்கும் கம்ப்யூட்டர் பூட்டால் தங்கள் டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்க முடியாமல் பல வருஷமாய்ப் போராட வேண்டியிருந்தது. இன்று கேசட்டுக்கு வந்தது நாளைக்குக் கலப்பைக்கும் வரும், பம்பு செட்டுக்கும் வரும். அப்போது விழித்துப் பிரயோஜனமில்லை.

ஆகவே வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். எந்தச் சாமான் வாங்கினாலும், "கம்பெனி செத்தால் இது ஓடுமா? இதை இரவல் கொடுக்கலாமா? கெட்டால் நம்மூர் மெக்கானிக் திறந்து பார்க்கலாமா?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் நீங்கள் கொடுப்பது விலையல்ல, வாடகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பரணில் கிடக்கும் பழைய பெட்டியை எடைக்குப் போடாமல் திறந்து பாருங்கள். பற்றவைக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நாலு பேர் கூடி ஒரு செத்த பெட்டியை ஓடவைத்தால், எஜமானில்லாமல் காரியம் நடக்குமா என்ற கேள்விக்கு உங்கள் கைகளே பதில் சொல்லிவிடும்.